32 ஜிபி லேப்டாப்பில் 300 எம்பி மிச்சம்: ஒரு ஜெராக்ஸ் கடை இயந்திரம், நிகழ்வு ஆய்வு

2014 முதல் நாலைந்து ஆண்டுகள் பத்தாயிரம் ரூபாய் விலையில் சிறு லேப்டாப்புகள் சந்தைக்கு வந்தன. இன்டெல் ஆட்டம் செயலி, 2 ஜிபி ரேம், போர்டிலேயே சால்டர் செய்த 32 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப். கழற்றி மாற்ற ஹார்ட் டிஸ்க் கிடையாது. இவற்றில் பல இன்னும் ஜெராக்ஸ் கடைகளிலும் பில் போடும் மேசைகளிலும் ஓடுகின்றன. அப்படி ஒரு கடை இயந்திரத்தை இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். அளவுகள் இந்த ரக இயந்திரத்தில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை. உங்களுடையதில் எண் மாறும், முறை மாறாது.

வந்த நிலை

32-பிட் விண்டோஸ் 10 ஹோம், 1909 பதிப்பு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-க்கு ஏற முயன்று ஒவ்வொரு முறையும் 0எக்ஸ்80070070 என்ற பிழையோடு திரும்புகிறது. வட்டில் இடம் இல்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 1909 ஹோம் பதிப்புக்கு 2021 மே மாதத்தோடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம், ஆனால் சேர 22எச்2 கட்டாயம். ஆக, இடம் பிடிப்பது இங்கே வசதிக்காகச் செய்யும் வேலை இல்லை.

சி டிரைவின் மொத்த அளவு 28 ஜிபி, காலி 0.3 ஜிபி. 32 எப்படி 28 ஆனது என்று பலர் கேட்பார்கள். தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அதிலேயே 32 என்பது 29.8 ஆகிவிடும். பூட் பகுதிக்கும் ரிகவரி பகுதிக்கும் மீதி போகிறது. திருட்டு எதுவும் இல்லை.

கடைக்காரர் அதுவரை செய்துவந்தது எல்லோரும் செய்வதுதான்: டெஸ்க்டாப்பில் கிடக்கும் படங்களை அழிப்பது, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது. 200 எம்பி கிடைக்கும், மறுநாள் காணாமல் போகும். காரணம் எளியது. இடம் தெரிந்ததும் விண்டோஸ் அப்டேட் மறுபடி டவுன்லோடைத் தொடங்குகிறது, பாதியில் இடம் தீர்ந்து நிற்கிறது, பாதி ஃபைல்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. அதனால் எதையும் அழிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம், செட்டிங்ஸில் அப்டேட்டை 7 நாளுக்கு நிறுத்தி வைப்பது. இதை விட்டுவிட்டுச் சுத்தம் செய்வது திறந்த குழாயின் கீழே தரையைத் துடைப்பது மாதிரி.

முதலில் அளவு

செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பக்கம் 'சிஸ்டம்' என்று ஒரே பெரிய கட்டியாகக் காட்டிவிடும், உள்ளே என்ன என்று சொல்லாது. வின்டர்ஸ்டாட் என்ற கருவி ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து எண்ணுவதால் இஎம்எம்சியில் நேரம் எடுக்கும். விஸ்ட்ரீ என்ற கருவி, விண்டோஸ் வட்டில் ஃபைல்களை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்-இன் ஃபைல் அட்டவணையை நேராகப் படிப்பதால் சில விநாடிகளில் முடித்துவிடும். இன்ஸ்டால் தேவைப்படாத போர்ட்டபிள் வடிவத்தைப் பென்டிரைவில் வைத்து, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்ட வேண்டும். சாதாரணமாக ஓட்டினால் சில சிஸ்டம் ஃபோல்டர்கள் கணக்கில் வராது. இந்த நிகழ்வில் அது முக்கியம்.

கிடைத்த கணக்கு, ஜிபியில்:

- விண்டோஸ் ஃபோல்டர், கீழே தனியாகக் காட்டியவை நீங்கலாக: 9.2
- பிரிண்ட் ஸ்பூல்: 3.1
- பாதியில் நின்ற அப்கிரேடின் மறை ஃபோல்டர் (டாலர் குறியோடு தொடங்கி 'பிடி' என முடிவது): 1.9
- சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் (அப்டேட் டவுன்லோடுகள் தங்கும் ஃபோல்டர்): 1.4
- பேஜ்ஃபைலும் ஸ்வாப்ஃபைலும் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் வட்டு இடம்): 2.2
- ஹைபர்நேஷன் ஃபைல் (அணையும் முன் ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் இடம்): 0.8
- புரோகிராம் ஃபைல்ஸ்: 3.4
- புரோகிராம் டேட்டா: 1.0
- யூசர்ஸ்: 4.7

கூட்டினால் 27.7. கடைக்காரருடைய சொந்தச் சரக்கு கடைசி வரியில் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் ஒரு பகுதிதான். அவர் தினமும் சுரண்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் ஃபோல்டரின் அளவை ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ரைட் கிளிக் செய்து பார்த்தால் எண் பெருத்துத் தெரியும். விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் பெரும்பாலானவை ஹார்டு லிங்க். ஒரே ஃபைல் சிஸ்டம்32-லும் அங்கும் இரண்டு பெயரில் இருக்கும், எக்ஸ்ப்ளோரர் இரண்டையும் கூட்டிவிடும். 'வின்எஸ்எக்ஸ்எஸ் 8 ஜிபி, அழித்துவிடலாமா' என்ற கேள்வி இந்தத் தப்புக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. அழித்தால் அடுத்த பூட்டுக்கு விண்டோஸ் எழுந்திருக்காது.

ஸ்பூல்: யாரும் பார்க்காத 3.1 ஜிபி

பிரிண்ட் கொடுக்கும்போது விண்டோஸ் அந்த வேலையை முதலில் வட்டில் எழுதி வைத்து, பிறகு பிரிண்டருக்கு அனுப்பும். எழுதும் இடம் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஃபைல்: எஸ்பிஎல் என முடிவது பிரிண்ட் ஆகவேண்டிய பக்கம், எஸ்எச்டி என முடிவது அதைப் பற்றிய குறிப்பு. அச்சு முடிந்ததும் இரண்டும் தானாக அழிய வேண்டும்.

இங்கே அழியவில்லை. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலில் 'கீப் பிரிண்டட் டாகுமென்ட்ஸ்' என்ற பெட்டியில் டிக் இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பிரிண்ட் எடுக்க வசதி என்று யாராவது போட்டிருப்பார்கள். போட்டால் ஒவ்வொரு வேலையும் வட்டில் நிரந்தரமாகத் தங்கும். ஏ4 பக்கத்தை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் 4960-க்கு 7016 புள்ளி. புள்ளிக்கு 3 பைட் வைத்தால் சுருக்காத நிலையில் சுமார் 100 எம்பி. முப்பது கலர் பக்கம் போதும், 3 ஜிபி ஓடிவிடும்.

இடம் போவது பாதிச் சிக்கல்தான். இந்த ஃபைல்கள் வாடிக்கையாளர் கொண்டுவந்த ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பிரிண்ட் கியூவைத் திறந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படியே மறுபடி அச்சாகும். எந்த ஜெராக்ஸ் கடையாக இருந்தாலும், இடப் பற்றாக்குறை இல்லாவிட்டாலும், இந்த டிக்கை இன்றே போய்ப் பார்ப்பது நல்லது.

எடுக்கும் முறை: கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' கொடுத்து ஸ்பூலர் சேவையை நிறுத்த வேண்டும். ஓடும்போது அழிக்கப் போனால் ஃபைல் பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கும். பிரிண்டர்ஸ் ஃபோல்டரின் உள்ளே இருப்பதை மட்டும் அழிக்க வேண்டும். ஃபோல்டரை அழிக்கக் கூடாது. பக்கத்திலேயே டிரைவர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் கை வைத்தால் பிரிண்டர் டிரைவரைப் புதிதாகப் போட வேண்டிவரும். பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்', அட்வான்ஸ்டு தாவலில் டிக் நீக்கம், சோதனைக்கு ஒரு பிரிண்ட், ஃபோல்டர் மறுபடி காலியாகிறதா என்று ஒரு பார்வை. காலி இடம் 3.4 ஜிபி.

ஸ்பூல் ஃபோல்டரையே மெமரி கார்டுக்கு மாற்றலாம், பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் அதற்கு வழி உண்டு. பரிந்துரைக்க மாட்டோம். கார்டு ஒருமுறை தளர்ந்தால் கடையில் பிரிண்ட்டே நிற்கும்.

அப்டேட்டின் மிச்சங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். பட்டியல் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இதில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கும். அதில் டிக் போட்டு அழித்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உள்ள எல்லாம் போகும், ரீசைக்கிள் பின்னிலும் தேட முடியாது. வேகமாக எல்லாப் பெட்டியிலும் டிக் போடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

டெம்பரரி விண்டோஸ் இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில் போன்றவற்றை அழித்ததில் 1.9 ஜிபி மறை ஃபோல்டரும் இன்னும் 0.3-ம் போயின. சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் குறையவில்லை. அதற்கு அப்டேட் சேவையையும், பின்னணியில் டவுன்லோட் செய்யும் பிட்ஸ் சேவையையும் நிறுத்தி, அதன் உள்ளே டவுன்லோட் என்ற ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழித்து, இரண்டையும் மறுபடி ஓடவிட வேண்டும். 1.2 கிடைத்தது. காலி 6.8.

ஹைபர்நேஷன்

விண்டோஸ் 10 ரேம் அளவில் 40 சதவீதத்தை ஹைபர்நேஷனுக்காக வட்டில் ஒதுக்குகிறது, 2 ஜிபிக்கு 0.8. மின் இணைப்பிலேயே இருக்கும் கடை இயந்திரத்துக்கு இது தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்'. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போகும், ஆன் ஆக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அது வேண்டும் என்றால் ஆஃப் செய்யாமல் ரெட்யூஸ்டு வகைக்கு மாற்றலாம். 40 சதவீதம் 20 ஆகும்.

பேஜ்ஃபைல் 2 ஜிபி இருக்கிறதே, அதையும் எடுத்துவிடலாமா? 2 ஜிபி ரேமில் கூடாது. குரோமில் நாலு தாவல் திறந்ததும் மெமரி போதவில்லை என்று புரோகிராம்கள் தானாக மூடும். விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டிய ஃபைல் அது. காலி 7.6.

டவுன்லோட்ஸும் மைக்ரோஎஸ்டியும்

யூசர்ஸில் இருந்த 4.7-ல் டவுன்லோட்ஸ் 1.9, குரோம் 1.4. டவுன்லோட்ஸைத் திறந்தால் 'ஆதார்' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப், பிறகு அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று 40 வரை. வாட்ஸ்அப் வெப்பில் வந்ததை ஒரே பிரிண்டுக்காக மூன்று முறை டவுன்லோட் செய்த வரலாறு.

கணக்குக்கு வேண்டிய சில ஃபைல்களைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியை அழித்து, டவுன்லோட்ஸை 32 ஜிபி மைக்ரோஎஸ்டி கார்டுக்கு மாற்றினால் சி டிரைவில் 1.7 கிடைக்கும். செய்யும் வரிசை முக்கியம். கார்டை என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மட் செய்ய வேண்டும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு எஸ் மாதிரி ஒரு தள்ளி இருக்கும் எழுத்தைக் கொடுக்க வேண்டும். டி என்று விட்டால், கார்டு இல்லாமல் லேப்டாப் ஆன் ஆன ஒரு நாளில் வாடிக்கையாளரின் பென்டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையின் டவுன்லோட் எல்லாம் அவர் பென்டிரைவில் போய் இறங்கும். எழுத்து கொடுத்த பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் தாவல், மூவ். குரோமின் செட்டிங்கிலும் டவுன்லோட் இடத்தைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், சில நேரம் பழைய பாதையையே பிடித்திருக்கும்.

குரோமில் 'கேஷ்டு இமேஜஸ் அண்டு ஃபைல்ஸ்' மட்டும் அழித்தால் பாதிதான் போகும். வாட்ஸ்அப் வெப் தன் தரவைத் தளத் தரவாக வைக்கிறது. அதை அழித்தால் இடம் நன்றாகக் கிடைக்கும், போனில் கியூஆர் ஸ்கேன் செய்து மறுபடி இணைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து 0.8. காலி 10.1.

புரோகிராம் ஃபைல்ஸில் பிரிண்டர் சிடியோடு வந்த போட்டோ எடிட்டர், ஓசிஆர், 'சப்போர்ட் அசிஸ்டென்ட்' வகையறாக்களை நீக்கியதில் 0.9. டிரைவரை வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யலாம். பட்டியலில் தனித்தனி வரியாக இருக்கும். காலி 11.0.

டிஸ்மும் காம்பேக்ட் ஓஎஸ்ஸும்

இவை இரண்டும் பட்டியலில் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. வேலை செய்யவே இவற்றுக்கு வட்டில் கொஞ்சம் காலி வேண்டும். 300 எம்பி இருக்கும்போது ஓட்டினால் நடுவில் நிற்கும்.

விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியில் 'அனலைஸ் காம்போனென்ட் ஸ்டோர்' கட்டளை வின்எஸ்எக்ஸ்எஸ்-இன் உண்மையான அளவைச் சொல்லும், சுத்தம் செய்வது பயன்தருமா என்றும் சொல்லும். ஆம் என்று வந்தால் 'ஸ்டார்ட் காம்போனென்ட் கிளீனப்'. ரீஸ்டார்ட் ஏதாவது நிலுவையில் இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தொடங்குவது மேல். 0.9 கிடைத்தது. இதோடு 'ரீசெட் பேஸ்' சேர்க்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருக்கும். சேர்த்தால் இதுவரை போட்ட அப்டேட்டுகளைத் திரும்ப எடுக்கவே முடியாது. முழு அப்கிரேட் வரப்போகும் இயந்திரத்தில் அந்த ஃபோல்டரே புதிதாக உருவாகும், ஆகவே இங்கே அதற்கு வேலையே இல்லை.

காம்பேக்ட் ஓஎஸ் என்பது விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு. விண்டோஸ் 10 வரும்போது 32-பிட்டில் சுமார் 1.5 ஜிபியும் 64-பிட்டில் 2.6-ம் மிச்சமாகும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. முதலில் 'காம்பேக்ட் /காம்பேக்ட்ஓஎஸ்:குவெரி' கொடுத்து ஏற்கெனவே சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், 32 ஜிபி இயந்திரங்கள் பல கடையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. இது அப்படி இல்லை. 'ஆல்வேஸ்' என்று கொடுத்ததில் 1.5 ஜிபி. ஆட்டம் செயலியில் அரை மணிக்கு மேல் ஆகலாம், சார்ஜர் இணைத்தே இருக்கட்டும். காலி 13.4.

இதையும் டிரைவ் பிராப்பர்ட்டீஸில் இருக்கும் 'கம்ப்ரஸ் திஸ் டிரைவ்' டிக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பழைய என்டிஎஃப்எஸ் சுருக்கம். எழுதும் ஒவ்வொரு ஃபைலையும் சுருக்கி எழுதும், மெதுவான செயலியில் மொத்த இயந்திரமும் இழுக்கும்.

தொடாமல் விட்டவை

விண்டோஸில் உள்ள இன்ஸ்டாலர் ஃபோல்டர். அழித்தால் இன்று ஒன்றும் ஆகாது. ஆபீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும் நாளில் மூல ஃபைல் எங்கே என்று கேட்டு நிற்கும். ரிகவரி பகுதியையும் தொடவில்லை. சில நூறு எம்பிக்காக அதை அழித்தவர்களுக்கு ரீசெட் வசதியும் போய்விடும். அது போதுமான அளவில் இல்லாவிட்டாலும் தொல்லைதான்: 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட், ரிகவரி பகுதியில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றது நினைவிருக்கலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சில கிலோபைட்டுக்கு அவ்வளவு ஆபத்து வேண்டாம்.

அப்கிரேட்

மீடியா கிரியேஷன் டூலை இந்த லேப்டாப்பில் ஓட்டினால் பிடித்த இடத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்வது சரி. அங்கே 'இந்தக் கணினிக்குப் பரிந்துரைத்தவை' டிக்கை எடுத்துவிட்டு 32-பிட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 32-பிட் விண்டோஸின் மேல் 64-பிட்டை ஏற்ற முடியாது. அதோடு இந்த ஆட்டம் போர்டுகள் பலவற்றில் கணினியை எழுப்பும் யுஇஎஃப்ஐ மென்பொருள் 32-பிட் என்பதால் 64-பிட் பென்டிரைவிலிருந்து பூட்டும் ஆகாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து நேரம் போகும்.

பென்டிரைவை விண்டோஸ் உள்ளிருந்தே திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். அப்டேட்டுகளை டவுன்லோட் செய்யவா என்று கேட்கும்போது 'இப்போது வேண்டாம்'. ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இன்னும் இடம் போதவில்லை என்று செட்டப் வெளிச் சேமிப்பைக் கேட்டால், 10 ஜிபி காலியுள்ள இன்னொரு பென்டிரைவைச் செருகலாம். அதைப் பிறகு உடனே ஃபார்மட் செய்துவிடக் கூடாது, பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் அதில் உள்ள ஃபைல்கள் தேவை.

முடிந்ததும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் பழைய விண்டோஸ் அப்படியே நிற்கும். காலி இடம் 4 ஜிபிக்கு இறங்கியதைப் பார்த்துப் பதற வேண்டாம். பத்து நாளில் தானாகப் போகும். பிரிண்டர், ஸ்கேனர், பயோமெட்ரிக் கருவி எல்லாம் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தில் 'முந்தைய விண்டோஸ்' வரியை டிக் செய்து நீக்கலாம். அப்கிரேட் பல செட்டிங்குகளை மாற்றிவிடும் என்பதால் காம்பேக்ட் நிலையை மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும், ஹைபர்நேஷனையும். எல்லாம் முடிந்து காலி 11 ஜிபிக்குச் சற்று மேல்.

இனி மாதாமாதம் செய்ய வேண்டியதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்தால் டவுன்லோட்ஸில் 14 நாள் தாண்டியதை அழிக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அது சிஸ்டம் டிரைவை மட்டுமே பார்க்கும். டவுன்லோட்ஸ் கார்டுக்குப் போய்விட்டதால் அங்கே கையால்தான் அழிக்க வேண்டும். தேதி வாரியாக அடுக்கி, பழையதைப் பிடித்து, ஷிஃப்ட் டெலீட். வாடிக்கையாளர் ஆவணங்கள் என்பதால் வாரக் கடைசியில் கடை சாத்தும் முன் செய்வது நல்லது. ஸ்பூல் ஃபோல்டரையும் அதே நேரத்தில் ஒரு பார்வை பார்க்கலாம்.

2026 அக்டோபருக்குப் பிறகு இந்த இயந்திரத்துக்கு விண்டோஸ் வழி இல்லை. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கும், 32-பிட் வடிவமும் அதற்குக் கிடையாது. வாங்கும் அடுத்த லேப்டாப்பில் ரேமைவிட முதலில் கேட்க வேண்டியது, வட்டு இஎம்எம்சியா எம்.2 எஸ்எஸ்டியா என்பது. எம்.2 என்றால் பின்னால் கழற்றிப் பெரியது போட்டுக்கொள்ளலாம். சில மலிவு மாடல்களில் இஎம்எம்சியோடு காலி எம்.2 இடமும் அடிப்பலகையில் இருக்கும். வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து அதைக் கடைக்காரரிடம் உறுதி செய்துகொள்ளலாம்.